கன்னத்தில் தங்கிய மெழுகு: நிரந்தர ஊசியின் நூறாண்டுக் கதை

1899ஆம் ஆண்டு வியன்னா நகரில் ராபர்ட் கெர்சுனி என்ற அறுவை மருத்துவர், காசநோயால் விரைகள் அகற்றப்பட்ட ஓர் இளைஞரின் விரைப்பைக்குள் ஊசி வழியாக வாசலினை ஏற்றினார். குறை வெளியே தெரியக் கூடாது என்பதுதான் நோக்கம். பார்வைக்கு அது தெரியாமலும் போனது. அடுத்த ஆண்டே தன் முறையை அவர் மருத்துவ இதழில் எழுதினார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மருத்துவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். வாசலின் உடலுக்குள் இளகி ஓடுகிறது என்று கண்டதும், இன்னும் கெட்டியான பாரஃபின் மெழுகுக்கு மாறினார்கள். சூடாக்கி உருக்கி ஏற்றினால் உள்ளே போய் உறைந்துவிடும். விரும்பிய வடிவத்தை விரலால் அழுத்திப் பிடித்து அமைக்கலாம்.

ஓர் ஆணின் உடலில் தொடங்கிய இந்தச் சோதனை, சில ஆண்டுகளிலேயே பெண்களின் முகத்துக்கு வந்து சேர்ந்தது. மேகநோயால் அமுங்கிய மூக்குத் தண்டை நிமிர்த்த முதலில் பயன்பட்டது. பிறகு நோயே இல்லாத மூக்குக்கும், வயதின் சுருக்கத்துக்கும், ஒட்டிய கன்னத்துக்கும் மெழுகு ஏற்றப்பட்டது. கத்தி இல்லை, தழும்பு இல்லை, ஒரே நாளில் வீடு திரும்பலாம் என்ற கவர்ச்சி அன்றே இருந்தது.

மெழுகு என்றதும் வடசென்னைக்காரர்களுக்கு மணலி நினைவுக்கு வரலாம். 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் உருவான சுத்திகரிப்பு ஆலையில், கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோலும் டீசலும் பிரிந்த பிறகு எடுக்கப்படும் பொருள்களில் பாரஃபின் மெழுகும் ஒன்று. மெழுகுவத்திக்கும் தீப்பெட்டிக்கும் போகும் அதே பொருள் வகைதான் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் பெண்களின் கன்னத்துக்குள் போனது.

விளைவுகள் வரத் தாமதமாகவில்லை. மூக்கில் ஏற்றிய மெழுகு இரத்தக் குழாய்க்குள் புகுந்து பார்வை பறிபோனதாக 1900களின் முதல் சில ஆண்டுகளிலேயே மருத்துவ இதழ்களில் குறிப்புகள் வந்தன. பலருக்கு மெழுகைச் சுற்றி உடல் கட்டிகளை வளர்த்தது. ‘பாரஃபினோமா’ என்று அதற்கு ஒரு நோய்ப் பெயரே உண்டாயிற்று. சிலருக்கு மெழுகு இருந்த இடத்திலிருந்து நகர்ந்தது. இந்தக் கதையில் பெயர் தெரிந்த பெண் ஒருவர்தான்: கிளாடிஸ் டீக்கன். அமெரிக்கச் செல்வர் வீட்டில் பிறந்து, பேரழகி என்று ஐரோப்பியப் பத்திரிகைகள் கொண்டாடியவர், பின்னாளில் இங்கிலாந்தின் மார்ல்பரோ கோமகனை மணந்தவர். 1903இல், 22 வயதில், கிரேக்கச் சிலையின் மூக்கு வேண்டும் என்று மூக்குத் தண்டில் மெழுகு ஏற்றிக்கொண்டார். அது இறங்கித் தாடையில் தேங்கியது. ஊசி போட்ட நாளுக்குப் பிறகு அவர் 74 ஆண்டுகள் வாழ்ந்தார். ஊர் அவரை நினைவு வைத்திருப்பதெல்லாம், கர்வத்துக்குத் தண்டனை பெற்ற பெண் என்ற கிண்டலாகத்தான். மெழுகை ஏற்றிய மருத்துவரை யாரும் அப்படி நினைவு வைத்திருக்கவில்லை.

முதல் உலகப் போருக்குள்ளாகவே மெழுகு ஊசியின் ஆபத்தை மேற்கத்திய மருத்துவ உலகம் அறிந்திருந்தது. அப்படியானால் அதே ஆபத்து வேறு வேறு பெயர்களில் இந்த நூற்றாண்டு வரை எப்படித் திரும்பத் திரும்ப வந்தது? இந்தக் கட்டுரை கேட்க விரும்பும் கேள்வி அதுதான். எனக்குக் கிடைக்கும் விடை இரண்டு சொற்களில் அடங்கும்: தாமதம், வெட்கம். ஊசி இன்று, வலி பத்தாண்டு கழித்து. வலி வரும்போது சொல்ல வெட்கம். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வியாபாரம் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகத் தொடங்க முடிகிறது.

நிரந்தரம் என்றால் என்ன?

இன்று முகத்தில் போடப்படும் நிரப்பு ஊசிகளை ‘ஃபில்லர்’ என்ற ஆங்கிலப் பெயராலேயே எல்லோரும் சொல்கிறார்கள். அவை எல்லாம் ஒன்றல்ல. தோலில் இயற்கையாகவே இருக்கும் ஹையலூரானிக் அமிலத்தால் செய்த ஊசிதான் இப்போது பரவலாகப் புழங்குகிறது. ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டுக்குள் பெரும்பாலும் உடல் அதைக் கரைத்துவிடும். தவறாகப் போனால் கரைப்பதற்கு ஹையலூரானிடேஸ் என்ற நொதி மருந்தும் இருக்கிறது. அதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. இரத்தக் குழாய் அடைபட்டால் தோல் கருகும், பார்வையும் போகலாம். ஆனால் உடனே கவனித்தால் செய்வதற்கு ஏதோ இருக்கிறது.

நிரந்தர ஊசி வேறு வகை. திரவ சிலிக்கோன், பாலிஅக்ரிலமைடு கூழ், பாலிஅல்கைலிமைடு கூழ், பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்னும் அக்ரிலிக் மணிகள் ஆகியவை இதில் சேரும். இவற்றைக் கரைக்க மருந்து இல்லை. உடலும் கரைக்காது. அதுதான் அவற்றின் விற்பனைச் சொல்: ஒருமுறை போட்டால் போதும்.

அக்ரிலிக் மணிகளை எடுத்துக்கொள்வோம். கடைப் பெயர்ப்பலகைக்கும் பல்செட்டுக்கும் பயன்படும் அதே அக்ரிலிக். ஒவ்வொரு மணியும் 30 முதல் 50 மைக்ரான் அளவு, ஒரு தலைமுடியின் தடிமனைவிடச் சிறியது. உடலுக்குள் அந்நியப் பொருள் நுழைந்தால் விழுங்கி அழிக்கும் வெள்ளணுக்கள் உண்டு. இந்த மணி அவற்றுக்கு மிகப் பெரியது, விழுங்க முடியாது. ஆகவே உடல் மணியைச் சுற்றி நார்த் திசுவால் வேலி கட்டுகிறது. கன்னம் நிரம்பித் தெரிவதில் பாதி அந்த வேலிதான். அதாவது இந்த ஊசி வேலை செய்வதே உடலின் எதிர்ப்பை வைத்துத்தான். அந்த எதிர்ப்பு அளவோடு நிற்கும் வரை அழகு. அளவு மீறினால் ‘கிரானுலோமா’ என்னும் கடினமான கட்டி. எப்போது மீறும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆறு மாதத்திலும் மீறலாம், பத்து ஆண்டு கழித்தும் மீறலாம். பல் பிடுங்கியது, சைனஸ் தொற்று, வேறு ஏதோ காய்ச்சல் என்று ஒரு சிறு காரணம் போதும். ஊசிப் பொருளின் மேல் கிருமிகள் மெல்லிய படலமாக ஒட்டி, பல ஆண்டுகள் சத்தமின்றிக் கிடந்து, பிறகு விழித்துக்கொள்வதும் உண்டு. அந்தப் படலத்துக்குள் ஆன்டிபயாடிக் மருந்து எளிதில் புகாது.

இன்னொன்று, முகம் மாறிக்கொண்டே இருக்கிறது. நாற்பதுக்கு மேல் கன்னத்துக் கொழுப்பு இறங்குகிறது, எலும்பு தேய்கிறது, தோல் மெலிகிறது. உள்ளே வைத்தது மட்டும் மாறாது. முப்பது வயதில் பொருந்திய இடத்தில் ஐம்பது வயதில் அது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். எடுக்க வேண்டுமென்றால் கத்திதான். திசுவோடு பின்னிக்கொண்ட பொருளை முழுதாக எடுக்கவும் முடியாது. முக நரம்புக்கு அருகில் என்றால் மருத்துவர்களே தயங்குவார்கள். கட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டு அமுக்கிவைப்பதுதான் பலருக்குக் கிடைக்கும் சிகிச்சை. சர்க்கரை நோய் இருந்தால் அதிலும் சிக்கல்.

கொடுங்கையூர் குப்பைமேட்டில் பொருள் பொறுக்கிக் காயலான் கடைக்குப் போடும் பெண்களுக்கு இந்த வேதியியல் கைப்பழக்கமாகத் தெரியும். எது மக்கும், எது மக்காது, எது தீயில் உருகும், எது கருகும் என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். மக்காத பொருளை என்ன செய்வது என்று நகரமே விழிபிதுங்கி நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, மக்காத பொருளைக் கன்னத்துக்குள் வைத்துக்கொள்வது ஒரு சலுகையாக விற்கப்படுகிறது.

யார் உடலில் சோதித்தார்கள்?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சிலிக்கோன் வந்தது. மின்மாற்றிகளைக் குளிர்விக்கவும் இயந்திரங்களுக்கு மசகாகவும் செய்யப்பட்ட திரவம் அது. அமெரிக்கப் படை தங்கியிருந்த ஜப்பானில், துறைமுகக் கிடங்குகளிலிருந்து காணாமல்போன சிலிக்கோன் பீப்பாய்கள் பற்றிய கதை இன்றும் சொல்லப்படுகிறது. அந்தக் கதையின் உண்மை எப்படியிருந்தாலும், படைவீரர்களை நம்பிப் பிழைத்த பாலியல் தொழிலாளர்களின் மார்பில் சிலிக்கோன் ஏற்றப்பட்டது வரலாறு. அமெரிக்க ஆண்களின் கண்ணுக்குப் பொருந்தும் உடல் வேண்டியிருந்தது. ஓடாமல் ஓரிடத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகத் திசுவை வேண்டுமென்றே புண்ணாக்கும் எண்ணெய்களையும் அதில் கலந்தார்கள்.

அங்கிருந்து அது அமெரிக்காவுக்குப் போனது. லாஸ் வேகாஸின் நடனக்காரிகளும் மதுக்கூடப் பணிப்பெண்களும் அடுத்து வந்தார்கள். கட்டி, புண், தொற்று, சிலருக்கு மார்பையே அகற்ற வேண்டிய நிலை. 1960களின் நடுவில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் திரவ சிலிக்கோனைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 1970களின் நடுவில் நெவாடா மாநிலம் சிலிக்கோன் ஊசியைக் குற்றமாக்கியது. இன்றும் அமெரிக்காவில் திரவ சிலிக்கோனுக்கு அனுமதி கண்ணுக்குள் செய்யும் ஒரு சிகிச்சைக்கு மட்டும்தான். உடலை வடிவமைக்க சிலிக்கோன் ஊசி போடாதீர்கள் என்று 2017இல் அதே நிர்வாகம் மறுபடியும் எச்சரிக்க வேண்டியிருந்தது. சட்டபூர்வ மருத்துவம் கதவடைத்த திருநங்கையர், லத்தீன் அமெரிக்காவிலும் அமெரிக்க நகரங்களிலும், வீட்டு அறைகளில் தொழிற்சாலைச் சிலிக்கோனை ஏற்றிக்கொண்டு உயிரிழந்த வரலாறு இந்தக் கதையின் இன்னொரு பக்கம்.

கவனித்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. ஒவ்வொரு புதிய பொருளும் முதலில் போவது புகார் கொடுக்க முடியாத உடலுக்கு. பாலியல் தொழிலாளி புகார் கொடுத்தால் காவல் நிலையத்தில் அவள்தான் குற்றவாளி. நடனக்காரி புகார் கொடுத்தால் வேலை போகும். திருநங்கை புகார் கொடுத்தால் முதல் கேள்வியே அவர் யார் என்பதாக இருக்கும். அந்த மௌனத்தைப் ‘பாதுகாப்பு’ என்று படித்துக்கொண்டு, அடுத்த கட்டமாக நடுத்தரவர்க்கப் பெண்களிடம் பொருள் வருகிறது.

1990களில் அக்ரிலிக் மணிகளும் கூழ் வகைகளும் ஐரோப்பாவிலிருந்து வந்தன. பாலிஅக்ரிலமைடு கூழ் சோவியத் நாடுகளில் தொடங்கிச் சீனாவுக்குப் போனது. 1997 வாக்கில் அங்கே அனுமதி பெற்று, மார்பிலும் முகத்திலும் ஏற்றப்பட்டு, கட்டியும் தொற்றும் இடப்பெயர்வும் குவிந்த பிறகு 2006 ஏப்ரலில் தடைசெய்யப்பட்டது. அதே 2006இன் அக்டோபரில் அமெரிக்கா அக்ரிலிக் மணி ஊசி ஒன்றுக்கு, மூக்கிலிருந்து வாய் ஓரம் வரும் மடிப்புக்கு மட்டும் என்று அனுமதி கொடுத்தது. நெதர்லாந்து எதிர்த் திசையில் போனது. ஆண்டுகள் கழித்து வீங்கிய முகங்களோடு வந்த நோயாளிகளைப் பார்த்து, அழகுக்காக நிரந்தர ஊசி போடுவதை 2015 ஜனவரி முதல் தடைசெய்தது. ஒரே பொருள் வகை, ஒரு நாட்டில் அனுமதி, இன்னொரு நாட்டில் தடை. எந்த நாட்டில் யார் சொன்ன வலி பதிவாயிற்று என்பதைப் பொறுத்தே அது அமைந்தது.

2004: தாம்பரமும் பிரேசிலும்

இது பணக்காரப் பெண்களின் ஆசைக் கதை என்று ஒதுக்கிவிட முடியாதபடி செய்யும் ஓர் அத்தியாயம் நம் ஊரிலேயே இருக்கிறது.

இந்தியாவில் எச்ஐவி தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் அதைச் செய்தார்கள். இரத்த மாதிரி கொடுத்தவர்கள் பாலியல் தொழிலாளர்கள். கண்டுபிடித்த பெண்கள் வரலாற்றில் இடம்பெறவே பல ஆண்டுகள் ஆயின. இரத்தம் கொடுத்த பெண்கள் இன்னும் இடம்பெறவில்லை.

2004 ஏப்ரல் 1 அன்று அரசு இலவசக் கூட்டு மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. முதல் மையங்களில் ஒன்று தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. உயிரைக் காத்த அந்தக் கூட்டு மருந்துகளில் ஸ்டாவுடின் என்ற ஒன்று இருந்தது. விலை குறைவு என்பதால் ஏழை நாடுகள் எல்லாம் அதையே நம்பியிருந்தன. நாளாக ஆக அது கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் இருந்த கொழுப்பைக் கரைத்தது. கன்னம் குழிந்து எலும்பு துருத்தியது. பிழைத்துக்கொண்டார்கள், ஆனால் பார்த்தவுடன் நோயைச் சொல்லிவிடும் முகம் அவர்களுக்கு வாய்த்தது. சங்க அகப்பாடல்களில் தலைவியின் பசலை, அவள் வாய் திறக்காமலே அவள் செய்தியை ஊருக்குச் சொல்லிவிடும். ஊர் அலர் தூற்றும். அந்தக் கன்னக் குழி செய்ததும் அதைத்தான். வேலை போனது, வாடகை வீடு போனது, பிள்ளைக்குப் பெண் கொடுக்க மறுத்தார்கள். கணவனிடமிருந்து தொற்று பெற்ற பெண்ணையே ஊர் குற்றவாளியாக்கியது.

அதே 2004 ஆகஸ்டில், எச்ஐவி மருந்தால் ஒட்டிய கன்னத்தை நிரப்ப, ஓரிரு ஆண்டில் கரையும் ஒரு ஊசிக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. விலை அதிகம். அதே ஆண்டின் இறுதியில் பிரேசில் அரசு, தன் பொது மருத்துவமனைகளில் எச்ஐவி நோயாளிகளின் முகச் சீரமைப்பைச் சேர்த்தது. அக்ரிலிக் மணி ஊசி அங்கே அரசுச் செலவில் போடப்பட்டது. திரும்பத் திரும்ப ஊசி போடப் பணம் இல்லாத நாட்டில் நிரந்தரம் என்பதில் ஒரு நியாயம் இருந்தது. கனடாவில் சில நோயாளிகள் பாலிஅல்கைலிமைடு கூழை ஏற்றிக்கொண்டார்கள். அவர்களில் பலருக்குச் சில ஆண்டுகள் கழித்துக் கன்னத்தில் சீழ் பிடித்தது. தாம்பரத்தில் வரிசையில் நின்றவர்களுக்கோ எந்த ஊசியும் இல்லை. 2009இல் உலக சுகாதார நிறுவனம் ஸ்டாவுடினைக் கைவிடச் சொன்னது. மருந்து மாறியது. கரைந்த கன்னம் பலருக்குத் திரும்பவில்லை.

முகம் என்பது அழகு மட்டும் இல்லை என்று இந்த அத்தியாயம் சொல்கிறது. வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் அதுதான் அனுமதிச் சீட்டு. ஆகவே ஊசி போட்டுக்கொள்ளும் பெண்ணைக் கர்வக்காரி என்று ஏசுவதில் எனக்கு உடன்பாடில்லை. எந்தப் பொருளை, யார், எதைச் சொல்லி, எதை மறைத்து ஏற்றினார்கள் என்பதே நம் கேள்வியாக இருக்க வேண்டும்.

கேசாதிபாதம் முதல் கண்ணதாசன் நகர் வரை

தமிழ்ச் சிற்றிலக்கியங்களில் கேசாதிபாதம் என்று ஒரு வகை உண்டு. முடி தொடங்கிப் பாதம் வரை உறுப்பு உறுப்பாக வருணிப்பது. புருவம் வில், மூக்கு எள்ளுப்பூ, உதடு கோவைப்பழம் என்று பெண்ணுக்கு வாய்பாடே வகுத்தாயிற்று. வகுப்பில் இதை நடத்தும்போது மாணவிகள் சிரிப்பார்கள். பெண்ணை முழுதாகப் பார்க்காமல் துண்டு துண்டாகப் பார்க்கும் அந்தக் கண் இப்போது கிளினிக் சுவரில் படமாகத் தொங்குகிறது என்று சொன்னால் சிரிப்பு அடங்கும். நெற்றிக்கு ஒரு விலை, உதட்டுக்கு ஒரு விலை, தாடைக்கு ஒரு விலை. புலவர் உவமையோடு நிறுத்திக்கொண்டார். கிளினிக் அளவு பார்த்து ஊசியும் போடுகிறது.

மூலக்கடையிலிருந்து கண்ணதாசன் நகர் வரை நடந்தால் பியூட்டி பார்லர்களை எண்ணி மாளாது. அவை பெண்கள் நடத்தும் தொழில்கள், பல வீடுகளின் அடுப்பு அதில் எரிகிறது. புருவம் திருத்துவதிலும் ஃபேஷியலிலும் எனக்குச் சண்டை இல்லை. ஊசி வேறு. தோலைத் துளைத்து உள்ளே எதையும் செலுத்துவது மருத்துவம். சென்னைத் தோல் மருத்துவர் மாயா வேதமூர்த்தி, இந்தியத் தோல் மருத்துவர் சங்கத்துக்காக 2008இல் எழுதிய ஃபில்லர் வழிகாட்டு நெறிகளில், பயிற்சி பெற்ற மருத்துவர், முன்கூட்டிய ஆலோசனை, எழுத்துபூர்வ ஒப்புதல் ஆகியவை வலியுறுத்தப்படுகின்றன. நம் தெருவுக்கு அந்த நெறிகள் வந்து சேரவில்லை.

எனக்குத் தெரிந்த பெண் ஒருவர், ஐம்பதைத் தொடும் வயது, தையல் வேலை செய்பவர். தங்கை மகள் கல்யாணத்துக்கு முன் கன்னத்தில் ஊசி போட்டுக்கொண்டார். ஆறு ஆண்டு கழித்து ஒரு பக்கம் மட்டும் கல் போலத் திரண்டது. அவர் சொன்னது இது: “அன்னிக்கு நல்லாத்தான் இருந்துச்சு டீச்சர். எல்லாரும் கேட்டாங்க, என்னா பளபளன்னு இருக்கேன்னு. கடவாப் பல்லு புடுங்குனேன், அதுக்கப்புறம்தான் வீங்க ஆரம்பிச்சுது. போட்ட எடத்துக்குப் போனா அங்க இப்ப செல்போன் கடை.” என்ன ஏற்றினார்கள் என்று சீட்டு ஏதாவது உண்டா என்று கேட்டேன். இல்லை. வீட்டில் சொன்னீர்களா? “எங்கப் போயி சொல்றது? யாரு உன்னப் போயி குத்திக்கச் சொன்னான்னுதான் கேப்பாங்க.” வீட்டில் பல்வலி வீக்கம் என்று சொல்லிவைத்திருக்கிறார். கிளாடிஸ் டீக்கனை ஊர் சிரித்ததற்கும் இவர் பயப்படுவதற்கும் இடையே நூறாண்டு ஓடிவிட்டது.

இரண்டு ஆண்டு என்னும் கெடு

மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. இலவசச் சிகிச்சை நீங்கலாக, பணம் கொடுத்துப் பெறும் சிகிச்சையில் குறை இருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அழகு ஊசி எப்போதும் பணம் கொடுத்துப் போடுவதுதான். ஆனால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், அதற்கு முந்தைய சட்டத்தைப் போலவே, வழக்குக் காரணம் எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. தக்க காரணம் காட்ட வேண்டியது புகார்தாரர்.

ஆறு ஆண்டிலும் பத்து ஆண்டிலும் வெளிப்படும் தீங்குக்கு இந்த 2 ஆண்டு எப்போது தொடங்குகிறது? தீங்கு தெரிந்த நாளிலிருந்து என்று வாதிட இடம் உண்டு. அந்த வாதம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு 2010இல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த ஒரு வழக்கைப் பார்க்கலாம். கோவாவைச் சேர்ந்த செவிலியர் ஒருவருக்கு 1993இல் பித்தப்பை அறுவை நடந்தது. வயிற்றுக்குள் விடுபட்ட துணி 2002இல்தான் வேறோர் அறுவையில் வெளியே வந்தது. 2004இல் அவர் புகார் கொடுத்தார். தீங்கு பின்னால் தெரியவரும் வழக்குகளில் தெரிந்த நாளே கணக்கு என்ற கொள்கையை நீதிமன்றம் பேசியது. ஆனால் இவருக்கு அதைப் பொருத்தவில்லை. அறுவைக்குப் பிறகு தொடர்ந்து வலி இருந்தது, அவர் செவிலியரும்கூட, அப்போதே விசாரித்திருக்க வேண்டும் என்று சொல்லிக் காலம் கடந்த புகார் என முடித்தது. ஒன்பது ஆண்டு வலியைத் தாங்கியது அவருக்கு எதிரான சான்றாக மாறியது. பொறுத்துக்கொள் என்று பெண்ணை வளர்க்கும் சமூகத்தின் நீதிமன்றம், ஏன் பொறுத்துக்கொண்டாய் என்று அவளையே கேட்டது.

ஆவணத்தின் கதையும் இதேதான். மருத்துவ நெறிமுறை விதிகள் 2002இன்படி மருத்துவர் 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டியது உள்நோயாளிகளின் பதிவேடுகளை. கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அரை மணி நேரத்தில் ஊசி போட்டுப் போகும் பெண் உள்நோயாளி அல்ல. தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு விதிகள் வந்ததே 2018இல். உடலுக்குள் வைத்த பொருள் ஆயுள் முழுக்க இருக்கும். அது என்ன பொருள் என்ற குறிப்பு மட்டும் எங்கும் இருக்காது.

நம் கையில் இருப்பது

ஆகவே நம் ஆவணத்தை நாமே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஊசி போடுவதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. போடுவதென்றால் சில கேள்விகள் உண்டு. இது கரையுமா, கரையாதா? கரைக்க மருந்து இங்கேயே இருக்கிறதா? போடுபவர் பதிவுபெற்ற மருத்துவரா, பதிவு எண் என்ன? இறக்குமதி உரிமம் அச்சிட்ட, முத்திரை உடைக்காத பெட்டியை என் கண் முன் பிரிப்பீர்களா? ‘நிரந்தரம்’ என்று பெருமையாகச் சொன்னால் எழுந்து வந்துவிடலாம். போட்ட உடனே கடும் வலி, தோல் வெளுப்பது, பார்வை மங்குவது ஆகியவை மணிக்கணக்கில் காத்திருக்கும் விஷயங்கள் அல்ல. பெரிய மருத்துவமனைக்கு அப்போதே போக வேண்டும்.

முன்பே போட்டுக்கொண்டவர்கள் பயந்து சாக வேண்டியதில்லை. பலருக்கு எதுவும் ஆகாமலே போகலாம். பல் வைத்தியம், முக அறுவை, லேசர் எதற்குப் போனாலும் முகத்தில் ஊசி இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கட்டி தெரிந்தால் அமுக்கிப் பிதுக்கக் கூடாது, ஊசி போட்ட அதே ஆளிடம் இன்னொரு ஊசிக்கும் போகக் கூடாது. வடசென்னைக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. தோல் பிரிவும் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவும் அங்கே உண்டு. காயம்பட்ட தொழிலாளிகளின் கைகளைச் சீரமைத்துப் பெயர்பெற்ற அந்தப் பிரிவில், கன்னத்தில் கட்டியோடு போகும் பெண் கூனிக் குறுக வேண்டியதில்லை. 2015 முதல் மருத்துவக் கருவிகளால் நேரும் தீங்குகளைப் பதியும் தேசியத் திட்டமும் இருக்கிறது. நிரப்பு ஊசியும் மருத்துவக் கருவி வகையில்தான் வருகிறது, உங்கள் மருத்துவரை அதில் பதியச் சொல்லிக் கேட்கலாம். பதிவானால்தான் அடுத்த பெண்ணுக்கு எச்சரிக்கை கிடைக்கும்.

ஊசி பெட்டியின் மேல் பொருளின் பெயரும் தொகுப்பு எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு ஒன்று இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். போட்ட தேதியையும் போட்டவர் பெயரையும் அதன் பின்னால் எழுதுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்று வைத்திருக்கும் அதே பையில் அதையும் வைத்துவிடுங்கள். பத்து ஆண்டு கழித்து யார் கடையைக் காலி செய்துவிட்டுப் போனாலும் அந்தச் சீட்டு உங்களிடம் இருக்கும்.